ஃபைட்டர் மீனுக்கு உடம்பு சரியில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஒன்பது வருடமாக வீவக அடுக்குமாடி வீட்டில் ஃபைட்டர் வளர்க்கிறேன். சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார், மகளின் பள்ளித் தோழிகளுடைய அம்மாக்கள் என்று யார் வீட்டு மீன் சுருண்டு கிடந்தாலும் எனக்கு வாட்ஸ்அப்பில் படம் வந்துவிடும். திரும்பத் திரும்ப ஒரே பதிலைத் தட்டச்சு செய்வதற்குப் பதிலாக எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை, மீன்களைச் சாகவிட்டுப் பாடம் படித்தவன், அவ்வளவுதான்.

மீன் சும்மா படுத்தே கிடக்கிறது. நோயா, சோம்பலா?

ஃபைட்டர் கொஞ்சம் சோம்பேறிதான். இலை மேல் சாய்ந்து படுக்கும், ஃபில்டருக்குப் பின்னால் சொருகிக்கொண்டு தூங்கும், சில மீன்கள் தரையில் ஒருக்களித்துக் கிடந்து நம் உயிரை வாங்கும். உணவு டப்பாவைத் திறந்ததும் பாய்ந்து வருகிறதா என்று பாருங்கள், வந்தால் பிரச்சினை இல்லை. இரண்டு நாள் தொடர்ந்து சாப்பிடவில்லை, துடுப்புகளை மூடிய குடை மாதிரி உடம்போடு ஒட்டி வைத்திருக்கிறது, செவுள் வேகமாக அடிக்கிறது, நிறம் மங்கிவிட்டது, கல்லிலோ இலையிலோ உடம்பைத் தேய்க்கிறது என்றால் கவனிக்க வேண்டும். மேலே வந்து ஒரு வாய் காற்று குடிப்பது இதன் சுபாவம். தலையில் லேபிரிந்த் என்ற உறுப்பு இருப்பதால் நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும். ஆனால் மேலேயே தொங்கிக்கொண்டு விடாமல் வாயைத் திறந்து திறந்து மூடினால் அது சுபாவம் இல்லை.

உணவு போடும்போது இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். என் மனைவி 'மீனை முறைக்காதீங்க' என்பாள். முறைத்தால்தான் தெரியும்.

ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. முதலில் என்ன மருந்து போட?

எதுவும் போடாதீர்கள். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்.

என்னிடம் நீல ஹாஃப்மூன், அதாவது அரைவட்டமாக வால் விரியும் ஃபைட்டர் வகை, ஒன்று இருந்தது. ஒரு நாள் துடுப்பை மூடிக்கொண்டு மூலையில் நின்றது. கடையில் போய்ச் சொன்னேன், அவர்கள் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் மூன்று போத்தல் எடுத்து வைத்தார்கள், நானும் ஒரு வார்த்தை கேட்காமல் 32 வெள்ளி கொடுத்து வாங்கி வந்து ஒன்றன் பின் ஒன்றாக மூன்றையும் ஊற்றினேன். ஆறாவது நாள் மீன் போய்விட்டது. அப்புறம்தான் அம்மோனியா சோதனைப் பெட்டி ஒன்று வாங்கிப் பார்த்தேன், மஞ்சளாக நிற்க வேண்டிய குழாய் நல்ல பச்சையாக மாறியது. மீனுக்கு இருந்தது நோயே இல்லை, அது தன் கழிவிலேயே வெந்துகொண்டிருந்திருக்கிறது. அதற்கு மேல் நான் மூன்று ரசாயனம் வேறு ஊற்றியிருக்கிறேன்.

மீன் கழிவும் மிச்ச உணவும் அம்மோனியாவாகும். அதை ஃபில்டரில் வளரும் நல்ல பாக்டீரியா நைட்ரைட்டாகவும், பிறகு ஓரளவு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். புதுத் தொட்டியில் அந்த பாக்டீரியா நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றே 30 முதல் 50 விழுக்காடு தண்ணீரை மாற்றுங்கள், பூச்சியம் ஆகும்வரை தினமும் மாற்றுங்கள். இன்னொன்றும் உண்டு: தண்ணீரின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) ஒரு புள்ளி ஏறினால் அம்மோனியாவின் நச்சு வடிவம் கிட்டத்தட்ட பத்து மடங்கு கூடும், வெப்பம் ஏறினாலும் கூடும். நம் வீட்டுத் தொட்டி 29, 30 டிகிரியில் நிற்கிறது. குளிர் நாட்டுக்காரர் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு 'கொஞ்சம் அம்மோனியா பரவாயில்லை' என்று இருந்துவிடாதீர்கள்.

படம் அனுப்பிக் கேட்பவர்களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியோடு முடிந்துவிடுகிறது. தண்ணீர் மாற்றிய மூன்றாம் நாள் 'ஓகே ஆயிருச்சு அண்ணே' என்று செய்தி வரும்.

குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி வாளியில் வைத்தால் குளோரின் போய்விடாதா? ஊரில் அப்படித்தானே செய்வோம்?

ஊரில் சரி. சிங்கப்பூர்க் குழாயில் வருவது குளோரமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கூட்டு. அது ஒரு ராத்திரியில் பறந்து போகாது. ஆன்டி குளோரின் கட்டாயம் வேண்டும், அதிலும் குளோரமினையும் அம்மோனியாவையும் கையாளும் என்று லேபிளில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் மலிவான சில வகைகள் குளோரினை மட்டும் உடைத்துவிட்டு அம்மோனியாவைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். தவிர, திறந்த வாளியில் நாள்கணக்கில் தண்ணீர் வைத்தால் கொசு முட்டையிடும், தேசியச் சுற்றுப்புற வாரியத்திலிருந்து ஆள் வந்து பார்த்தால் அபராதம்.

உடம்பெல்லாம் உப்புத் தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளி. இது என்ன?

இக் என்கிற வெள்ளைப் புள்ளி நோய். ஒவ்வொரு புள்ளியும் தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்னும் ஒட்டுண்ணி. தின்று முடித்ததும் கீழே விழுந்து கல்லில் ஒட்டி, ஒன்று நூற்றுக்கணக்காகப் பிரிந்து, மறுபடி மீனைத் தேடிக் கிளம்பும். மருந்து பிடிப்பது அந்த நீந்தித் தேடும் கட்டத்தில் மட்டும்தான். தோலுக்கு அடியில் இருப்பதை ஒன்றும் செய்யாது. அதனால்தான் 'புள்ளி போச்சு' என்று மூன்றாம் நாள் மருந்தை நிறுத்தியவர்களுக்குப் பத்தாம் நாள் இரட்டிப்பாகத் திரும்பி வருகிறது. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள். தண்ணீர் 29, 30 டிகிரியில் இருந்தால் அந்தச் சுற்று வேகமாக முடியும், இந்த ஒரு விஷயத்தில் நம் வெயில் நமக்கு உதவி. ஏர்கான் அறையில் தொட்டி இருந்தால் கூடத்துக்கு மாற்றுங்கள். மருந்து போடும்போது ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்து முழுவதையும் கரி குடித்துவிடும்.

புள்ளி என்று சொல்ல முடியாது, ஏதோ தூசி படிந்த மாதிரி இருக்கிறது.

இதைத்தான் பலர் கவனிக்காமல் விட்டு மீனை இழக்கிறார்கள். வெல்வெட் என்று பெயர், இதுவும் ஒட்டுண்ணிதான், ஆனால் இக்கைவிடப் பொடியானது, வேகமானது. இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சை மேலிருந்து சாய்வாக மீன் மேல் அடியுங்கள். தலையிலும் முதுகிலும் மஞ்சள் தூளைச் சலித்துத் தூவிய மாதிரி, துருவும் தங்கமும் கலந்த ஒரு மினுமினுப்பு தெரிந்தால் அது வெல்வெட். வெள்ளை மீனில் கண்டுபிடிப்பது சிரமம். மீன் உடம்பைத் தேய்க்கும், துடுப்பை மூடிக்கொள்ளும், சாப்பாட்டை விடும்.

இந்த ஒட்டுண்ணி வெளிச்சத்திலிருந்தும் உணவு தயாரித்துக்கொள்ளும் வகை. அதனால் தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக்குவது சிகிச்சையில் பாதி. மீதிப் பாதி தாமிரம் கலந்த மருந்து, அதை லேபிள் அளவில் கொடுக்க வேண்டும். தாமிரம் நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும், ஆகவே நோயுற்ற மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து போடுங்கள். ஆனால் ஒட்டுண்ணி பெரிய தொட்டியிலும் இருக்கும், மீன் இல்லாமல் அதை இரண்டு வாரம் இருட்டில் காலியாக விடுங்கள்.

வால் கிழிந்திருக்கிறது. ஃபின் ராட் என்கிற துடுப்பு அழுகலா?

எப்படிக் கிழிந்திருக்கிறது என்று பாருங்கள். காலையில் முழு வால், மாலையில் அரைவட்டமாக ஒரு துண்டு காணோம் என்றால் அதுவே கடித்துக்கொண்டிருக்கிறது. வால் பெரிதான ஹாஃப்மூன்கள் கனம் தாங்காமலோ சலிப்பிலோ இப்படிச் செய்யும். நேராகக் கீறல் விழுந்திருந்தால் எதிலாவது மாட்டியிருக்கிறது, பிளாஸ்டிக் செடியைத் தூக்கிப் போடுங்கள். ஓரம் கறுத்தோ சிவந்தோ வெளுத்துப் பிசுபிசுத்தோ நாளுக்கு நாள் உள்ளே அரித்துக்கொண்டு போனால்தான் அழுகல்.

அழுகலுக்கும் முதல் வைத்தியம் சுத்தமான தண்ணீர். ஒரு வாரம் தினமும் கால்வாசி மாற்றிப் பாருங்கள், தேவையானால் உப்பு. ஓரத்தில் கண்ணாடி மாதிரி மெல்லிய புதுச் சவ்வு வந்தால் ஆறுகிறது என்று அர்த்தம், அதைப் பூஞ்சை என்று நினைத்து மறுபடி மருந்து ஊற்றிவிடாதீர்கள். உடம்பை நெருங்கிவிட்டால் மட்டும் பாக்டீரியா மருந்து பக்கம் போங்கள்.

வாயில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறது.

பஞ்சு என்றதும் பூஞ்சை மருந்து வாங்கிவிடுவார்கள். நம் ஊர் வெப்பத்தில் வாயிலும் முதுகில் சேணம் போட்ட மாதிரியும் வரும் சாம்பல் வெள்ளைப் படலம் பெரும்பாலும் காலம்னாரிஸ், அது பாக்டீரியா. பூஞ்சை மருந்து வேலை செய்யாது. இக்குக்குச் செய்வது போல வெப்பத்தை ஏற்றினால் இது இன்னும் வேகமாகப் பரவும், ஒன்றிரண்டு நாளில் ஆளை முடித்துவிடும். வெப்பத்தை 25க்குப் பக்கத்தில் இறக்குங்கள், மெதுவாக, ஏர்கான் அறையோ சின்ன மின்விசிறியோ போதும். அன்றைக்கே மருத்துவரைக் கேளுங்கள்.

வயிறு ஊதிவிட்டது.

மேலிருந்து பாருங்கள், பக்கத்திலிருந்து இல்லை. வயிறு மட்டும் உருண்டையாக, செதில் வழவழப்பாக இருந்தால் பெரும்பாலும் அதிகத் தீனி. ஃபைட்டரின் வயிறு அதன் கண் அளவுதான். நாளுக்கு நாலைந்து உருண்டை போதும், நம் வீட்டில் தாத்தா ஒரு முறை, பிள்ளை ஒரு முறை, 'பாவம் பார்க்குதே' என்று நான் ஒரு முறை. இரண்டு மூன்று நாள் பட்டினி போடுங்கள், ஒன்றும் ஆகாது. அப்புறம் டாஃப்னியா என்ற பொடி நீர்ப்பூச்சி கொடுங்கள், உறைந்தது கடைகளில் கிடைக்கும், அதன் ஓடு குடலைத் தள்ளிவிடும். பட்டாணி உரித்துக் கொடுப்பது தங்கமீனுக்குச் சரி, ஃபைட்டர் பூச்சி தின்னும் மீன். பெண் மீன் என்றால் முட்டையாகவும் இருக்கலாம், வயிற்றுக்குக் கீழே உப்புக்கல் மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி இருப்பது முட்டைக் குழாய்.

மேலிருந்து பார்க்கும்போது செதில்கள் அன்னாசிப் பழத்தோல் மாதிரி விரைத்துக்கொண்டு நின்றால் அது டிராப்சி. அது தனி நோய் இல்லை, சிறுநீரகம் தண்ணீரை வெளியேற்ற முடியாமல் உடம்பில் தேங்கியிருக்கிறது என்பதன் அடையாளம். உண்மையைச் சொல்கிறேன், இந்தக் கட்டத்திலிருந்து மீளும் மீன் மிகக் குறைவு. நான் நாலு மீனில் பார்த்திருக்கிறேன், ஒன்று பிழைத்தது. எப்சம் உப்புக் குளியல் வீக்கத்தைக் கொஞ்சம் குறைக்கும், நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, பதினைந்து நிமிடம், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டு. மீன் கவிழ்ந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

எப்சம் உப்பும் மீன் உப்பும் ஒன்றுதானே?

இல்லை, இல்லை. எப்சம் உப்பு மெக்னீசியம் சல்ஃபேட், பாட்டி காலத்தில் பேதி உப்பு என்பார்களே, அது. மருந்துக்கடையில் கிடைக்கும், மணம் சேர்க்காததாக வாங்குங்கள். வீக்கத்துக்கும் மலச்சிக்கலுக்கும் அது. மீன் கடையில் விற்பது சாதாரண சோடியம் குளோரைடு, காயத்துக்கும் லேசான அழுகலுக்கும் ஒட்டுண்ணிக்கும். வீங்கிய மீனுக்கு இரண்டாவதைப் போட்டால் நிலைமை மோசமாகலாம்.

சாதாரண உப்பு லிட்டருக்கு ஒன்று முதல் இரண்டு கிராம். சமையல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள், சிட்டிகைக் கணக்கு வேண்டாம். தனியாகக் கரைத்து, பாதியை இப்போதும் மீதியைப் பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் ஊற்றுங்கள். பத்து நாளுக்கு மேல் வேண்டாம். தண்ணீர் ஆவியானாலும் உப்பு தொட்டியிலேயே இருக்கும், ஆகவே எடுத்த தண்ணீருக்கு மட்டும்தான் உப்பு சேர்க்க வேண்டும், ஆவியானதற்குச் சேர்க்கக் கூடாது. தேக்கா சந்தையில் வாங்கிய கல் உப்பும் போதும், வேறு எதுவும் கலக்காமல் இருந்தால்.

தனித்தொட்டிக்கு என்ன வாங்க வேண்டும்?

தீபாவளி முறுக்கு வைக்கும் சிவப்பு மூடிப் போத்தல் வீட்டில் இருக்கிறதா? அதில் பெரியது போதும். சவர்க்காரம் படாமல் சுடுநீரில் நாலைந்து முறை கழுவி எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் ஆக்குங்கள், தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் மீன் காற்றுக் குடிக்க முடியாது. மூடியில் நாலு துளை. தண்ணீர் ஒரு சாண் உயரத்துக்கு மேல் வேண்டாம், பலவீனமான மீன் மேலே வந்து போக வேண்டுமல்லவா. ஃபில்டர் இல்லாத இடத்தில் தினமும் பாதித் தண்ணீரை மாற்றி, மாற்றிய அளவுக்கு மட்டும் மருந்து சேர்க்க வேண்டும். மீன் அங்கே இருக்கும்போது பெரிய தொட்டிக்கு வலையோ குழாயோ பகிராதீர்கள்.

கெத்தாப்பாங் இலை எல்லாவற்றையும் குணமாக்கும் என்கிறார்களே?

நல்ல இலைதான், நாட்டு வாதுமை. தேயிலைச் சாயம் மாதிரி தண்ணீரைப் பழுப்பாக்கும், பிஎச்சைக் கொஞ்சம் இறக்கும், மீன் நிம்மதியாக இருக்கும், பாக்டீரியாவைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். தொட்டியில் எப்போதும் ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் வெல்வெட்டுக்கும் டிராப்சிக்கும் இலையை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால் மீன் பழுப்புத் தண்ணீரில் சாகும். ஈஸ்ட் கோஸ்ட் கரையோரம் மரம் நிறைய நிற்கிறது என்று அங்கே பொறுக்க வேண்டாம், பூங்காவில் இலை எடுப்பதற்கும் விதி இருக்கிறது, பூச்சிமருந்து பட்டதா என்றும் தெரியாது. சிராங்கூன் நார்த் மீன் கடைகளில் கட்டுக்கட்டாக விற்கிறார்கள்.

சிங்கப்பூரில் ஹீட்டர் வேண்டுமா?

கூடத்தில் வேண்டாம். படுக்கையறையில் ராத்திரி ஏர்கான் 23, பகலில் ஜன்னல் வெயில் என்றால் தினமும் தண்ணீர் ஏறி இறங்கும், சின்னத் தொட்டி இன்னும் வேகமாக. அந்த ஏற்ற இறக்கம்தான் இக்கை வரவேற்கிறது. தொட்டியை இடம் மாற்றுங்கள், முடியாவிட்டால் ஹீட்டரை 27இல் வையுங்கள்.

நேற்று நன்றாக இருந்தது, இன்று காலை மேலே திணறுகிறது. எந்த அடையாளமும் இல்லை.

நேற்று வெள்ளிக்கிழமையா? சிரிக்காதீர்கள், உண்மையாகவே கேட்கிறேன். சாம்பிராணிப் புகை, கொசுவர்த்தி, கரப்பான் ஸ்பிரே, கீழே டெங்கிக்காக அடிக்கும் புகை, புது பெயிண்ட் எல்லாம் தண்ணீரின் மேல் படியும், காற்றைக் குடிக்கும் மீன் அதையும் சேர்த்துக் குடிக்கும். அதனால் ஃபைட்டருக்கு ஆபத்து அதிகம். பூசை மாடத்துக்குப் பக்கத்தில் தொட்டி வைத்திருந்தால் தள்ளி வையுங்கள், புகை போடும்போது ஈரத் துணியால் மூடிவிட்டு ஃபில்டர் காற்றுப் பம்பை அணையுங்கள், பம்பும் அதே காற்றைத்தான் உள்ளே தள்ளும்.

நிறம் மாறுகிறது, தாடி மாதிரி கறுப்பாக ஏதோ தெரிகிறது, நுரை கட்டுகிறது. இதெல்லாம்?

நோய் இல்லை. மார்பிள் வகைகள் வாழ்நாள் முழுக்க நிறம் மாற்றும். தாடி செவுளுக்கு அடியில் இருக்கும் சவ்வு, கோபத்தில் விரியும். நுரை ஆண் மீன் கட்டும் கூடு. ஆனால் நோயுற்ற மீனும் கூடு கட்டும், அதனால் கூட்டைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்.

எங்களுக்குத் தொற்றுமா? வீட்டில் குழந்தை இருக்கிறது.

பெரும்பாலானவை தொற்றாது. ஆனால் மீன் காசநோயை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் மரினம் போன்ற சில கிருமிகள் கையில் காயம் இருந்தால் உள்ளே போகலாம். மீன் மெலிந்துகொண்டே போவது, முதுகு வளைவது, ஆறாத புண் என்றெல்லாம் இருந்தால் கையுறை போடுங்கள். ஃபில்டர் குழாயை வாயால் உறிஞ்சாதீர்கள். விரலில் வாரக்கணக்கில் ஆறாத கட்டி வந்தால் மருத்துவரிடம் மீன் வளர்ப்பதைச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அவருக்குத் தோன்றாது.

ஐந்து வெள்ளி மீனுக்கு டாக்டரா?

மீன் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் இங்கே இருக்கிறார்கள், போனில் கேட்டுவிட்டுப் போங்கள், எல்லா மருந்தகத்திலும் பார்ப்பதில்லை. கட்டணம் மீன் விலையைவிடப் பல மடங்கு, அது உங்கள் முடிவு. ஆன்டிபயாட்டிக்கை மட்டும் அவரைக் கேட்காமல் போடாதீர்கள், பாதியில் நிறுத்தினால் பாக்டீரியா பழகிக்கொள்ளும், ஃபில்டரின் நல்ல பாக்டீரியாவும் போய்விடும், மறுபடி அம்மோனியா.

இனி பிழைக்காது என்று தெரிகிறது.

ஃபைட்டரின் ஆயுள் இரண்டு முதல் நாலு வருடம், கடையில் வாங்கும்போதே சிலவற்றுக்கு ஒரு வயது ஆகியிருக்கும். முதுமையும் ஒரு காரணம், எல்லாம் உங்கள் தவறில்லை. கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ விடுவது சட்டவிரோதம், நம் காட்டு ஓடைகளில் இருக்கும் சொந்தச் சண்டை மீனுக்கும் நோய் போய்ச் சேரும். கழிவறையில் உயிரோடு விடுவதும் ஃப்ரீசரில் வைப்பதும் சித்திரவதை. மருத்துவரிடம் கொண்டு போக முடியாவிட்டால் கிராம்பு எண்ணெய். சின்னப் போத்தலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு பால் மாதிரி ஆகும்வரை குலுக்கி, ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீரில் முதலில் சில துளி, மீன் மயங்கியதும் மொத்தம் 0.4 மில்லி வரும்வரை மெதுவாக. செவுள் நின்ற பிறகும் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள்.

அதே தொட்டியில் புது மீன் விடலாமா?

ஒட்டுண்ணி என்றால் மீன் இல்லாமல் இரண்டு மூன்று வாரம் காலியாக ஓட விட்டால் போதும். காசநோய்ச் சந்தேகம் என்றால் கல், செடி, ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் எறிந்துவிட்டு, தொட்டியை 70 விழுக்காடு ஆல்கஹாலால் துடைத்து உலர்த்துங்கள், வெறுமனே உலர்த்தினால் போதாது. புது மீனை வாங்கியதும் கடைத் தண்ணீரை ஊற்றாமல் மீனை மட்டும் எடுத்து, முறுக்குப் போத்தலில் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். என் மகள் இப்போது ஒரு சிவப்பு வால்காரனை அப்படித்தான் சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறாள், இன்று பதினோராம் நாள், ராத்திரி டார்ச் அடித்துப் பார்ப்பது அவள் பொறுப்பு.